மேல் கவரில் இருந்த நம்பர்

நான் ஆட்களை லேசில் நம்புகிற ரகம் இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில்தான் என் காது இருக்கும். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். அவர் திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் நாள் முழுக்க மூட்டைகளோடு இருந்தவர். எந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கானால் பக்கத்து வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால்கூட, உள்ளே என்ன என்று தெரியாமல் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் அவளை. எண்பதுகளின் கடைசி அது. மன்னார்புரத்தில் எங்கள் ஆபீஸ். பெரிய ஆலைகளுக்கு இரும்புச் சாமான்கள் செய்து கொடுக்கிற கம்பெனி. பட்டறை ஊருக்கு வெளியே. மன்னார்புரத்துக் கட்டிடத்தில் கீழே நான் வேலை பார்த்த கணக்கு செக்ஷனும் கொள்முதலும், மாடியில் டெண்டர் செக்ஷனும் ஜி.எம். அறையும். தனித்தனியாக இருந்த கம்ப்யூட்டர்களைக் கேபிள் போட்டு ஒன்றோடொன்று பேச வைப்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள் அவள். இன்ஜினீயரிங் படித்தவள், பெங்களூரில் வேலை பார்த்தவள் என்றார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆபீசே அவளை ஸ்ரீரங்கத்து மேடம் என்றது. என் வயதுதான் இருக்கும்.

ஒருநாள் அவளுடைய வேலையும், அதைவிடப் பெரிதாக அவளுடைய நல்ல பெயரும், பிரிண்டர் காகிதத்தில் சிவப்பு மையால் கோடு போட்ட ஒரே ஒரு நம்பரில் தொங்கின. போலீசைக் கூப்பிடுவதா வேண்டாமா என்கிற கட்டம். அதற்கு வருவதற்கு முன்னால் அவளுடைய சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மதியம் ஒரு துணிப்பையை எடுப்பாள். பைக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் நூல் கட்டிய செய்தித்தாள் பொட்டலம். அதற்குள் வாழையிலை. இலைக்குள் தயிர்சாதமோ புளியோதரையோ. சாப்பிட்டு முடித்ததும் இலையை மட்டும் எறிந்துவிட்டு, நூலைச் சுருட்டி, தாளை மடித்து, கவருக்குள் போட்டு, பைக்குள் வைப்பாள். பிரித்தது எந்த வரிசையோ அதற்குத் தலைகீழ் வரிசை. ஃபிளாப்பி என்றாலும் இதே கதைதான். காகித உறை, பிளாஸ்டிக் உறை, மரப்பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சீட்டு. பெட்டி மேல் எந்த மாடி என்று மட்டும் இருக்கும். அதற்குள் இருக்கிற உறையில் எந்த செக்ஷன் என்று மட்டும். என்ன விஷயம் என்பது கடைசி உறையில்தான்.

“ஏன் மேடம், எல்லாத்தையும் பெட்டி மேலயே எழுதினா என்ன குறைஞ்சா போகும்?” என்று கேட்டேன்.

“பெட்டியைத் தூக்கிட்டுப் போறவருக்கு மாடி தெரிஞ்சா போதும்ங்க. மிச்சம் அவருக்கு எதுக்கு?” என்றாள்.

மனுஷர்களிடமும் அவள் அப்படித்தான். வாட்ச்மேனுக்கு அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்பது தெரியும். கேன்டீன்காரருக்கு அவள் வீட்டில் வெங்காயம் வாங்குவதே இல்லை என்பது தெரியும். கொள்முதல் கிளார்க்குக்கு அவளுக்கு ஒரு தம்பி இருப்பது தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. நான் ஒரு வாரம் முயற்சி செய்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் சிக்கவில்லை. அதற்காக அவளைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. கல்யாணம் ஆனவளா என்பதுகூடத் தெரியவில்லை. கழுத்தை மூடிப் புடவை கட்டுவாள்.

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கு, என் வீட்டுக்காரர், எங்கள் செக்ஷனை ஒட்டி அதற்குள் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த கம்ப்யூட்டர் ரூமுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அவள் வெளியே வந்து, “ஸ்டெல்லா, உங்க வீட்டுக்காரர் போன் பண்ணச் சொன்னார். உடனே பண்ணுங்க,” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் போன் பண்ணினால், மாமியாரைப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், இடுப்பெலும்பு முறிவு. திரும்பி வந்து அவளிடம் கத்தினேன்.

“உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அது அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதுங்க. என் வாயில வந்தா வேற மாதிரி ஆயிடும்.”

“என்ன வேற மாதிரி?”

“நான் கூட்டிச் சொல்லுவேன், இல்ல கொறைச்சுச் சொல்லுவேன். சேர்க்கறது மட்டும்தான் என் வேலை,” என்றாள். அதோடு நிறுத்தாமல் என் பையை எடுத்துக் கொடுத்து, வாசலில் ஆட்டோ நிற்கிறது என்றாள். நான் போன் பேசிக்கொண்டிருந்தபோதே கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறாள். அதற்காக அவளை மன்னிக்கவா, மேலும் சந்தேகப்படவா என்று எனக்குப் புரியவில்லை. இவ்வளவு அக்கறை இருக்கிறவளுக்கு முகம் மட்டும் எப்படி அப்படி இருக்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸிலிருந்து வந்த என் அண்ணிக்குக் கோபுரம் காட்ட ஸ்ரீரங்கம் போயிருந்தேன். சித்திரை வீதியில் ஒரு வீட்டு வாசலில் அவள் நின்று பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். “நேத்திக்கே சொன்னேனோல்லியோ, ஆத்துல விசேஷம்னு? இத்துனூண்டு குடுத்தா எப்படிம்மா?” என்று அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆபீசில் ஒருநாளும் அந்தப் பேச்சு வந்ததில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “வாங்க ஸ்டெல்லா, நல்லா இருக்கீங்களா? கோயிலுக்கா?” என்று எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டாள். பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். அது அவள் வீடா என்று அவள் சொல்லவில்லை, உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. நாங்கள் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றாள். “யாரும்மா இது, போலீஸ்காரி மாதிரி?” என்றார் அண்ணி.

கேபிள் வேலை முடிந்ததும் எங்கள் எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுத்தாள். கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற விஷயம் மேலிருந்து கீழே அடுக்கு அடுக்காக இறங்குமாம். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு ஒரு உறை போட்டு, அதன் மேல் தனக்கு வேண்டிய குறிப்பை மட்டும் எழுதுமாம். மேலேயிருந்து வந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று கீழ் அடுக்கு பார்க்கவே பார்க்காதாம். போய்ச் சேர்ந்த இடத்தில் கீழிருந்து மேலே ஒவ்வொரு உறையாகப் பிரியுமாம். புத்தகக் கணக்குக்கு ஏழு அடுக்கு என்றாள்.

கொள்முதல் கிளார்க்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்ப நம்ம ரங்கநாதர் கோயில் மாதிரிங்க மேடம். ஏழு மதில்.”

“அங்க உள்ள போகப் போகப் பெருமாள் இருப்பார். இங்க உள்ள போகப் போக உங்க பி.எஃப். கணக்குதான் இருக்கும்,” என்றாள் அவள். அவள் சொல்லி ஆபீசே சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி தன் குணத்தையே வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று இருந்தது.

அந்த வருஷம் கம்பெனிக்கு டெண்டர்கள் வரிசையாகக் கை நழுவிப் போயின. ஒவ்வொரு தடவையும் ஒரே போட்டிக் கம்பெனி எங்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துப் போட்டு எடுத்துக்கொண்டது. எங்கள் ரேட்டை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போட்டது போல. ரேட் பட்டியல் கட்டுக்கட்டாக இருக்கும், மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்ல முடியாது. ஃபிளாப்பியில் போயிருக்கவும் வழியில்லை. வாசலில் எல்லார் பையையும் சோதிப்பார்கள். ஜி.எம். என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

“உங்களுக்குத்தான் எல்லார் விஷயமும் தெரியுமேம்மா. அந்த ஸ்ரீரங்கத்து மேடத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்க. அவங்க வந்தப்புறம்தான் இதெல்லாம் நடக்குது,” என்றார்.

கரும்பு தின்னக் கூலியா என்று எனக்கு. சரி சார் என்றேன்.

மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். டை கட்டிய ஆள். கேபிளில் ஓடுகிறதை எல்லாம் பிடித்து எழுதிவைக்கிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமில் ரகசியமாக மாட்டினார்கள். ஜி.எம்., நிபுணர், நான் ஆகிய மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். மாட்டுவதற்காகக் கேபிளை ஒரு நிமிஷம் கழற்றியதில் கீழ்த்தளக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோய், மறுபடி ஓடின. அவள் தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். பூட்டியிருந்த ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜி.எம். தன் கையாலேயே ஒரு பொய் ரேட் பட்டியலைத் தயாரித்து மாடிக் கம்ப்யூட்டரில் வைத்தார். அதைத் திறக்கக்கூடியவர்கள் ஜி.எம்., டெண்டர் செக்ஷன் தலைவர், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் அவள். செக்ஷன் தலைவர் ஜி.எம்.மின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அதனால் மிச்சம் யார் என்பதைச் சொல்லவே வேண்டாம். எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம். அந்த முகம் ஒன்று போதாதா?

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம், இலையைப் பிரித்துக்கொண்டே அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“உங்க வீட்டுக்காரர் பார்சல் ஆபீஸ்லதானே இருக்கார்?”

“ஆமா மேடம், ஏன்?”

“இங்கேர்ந்து டெல்லிக்கு ஒரு மூட்டை எப்படிங்க போகும்?”

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். “சாமானை டப்பால வெச்சு, டப்பாவுக்கு நம்பர் போட்டு, மூட்டையா தைப்பாங்க. தைச்ச துணி மேல அனுப்பறவங்க, வாங்கறவங்க அட்ரஸ். அப்புறம் மெட்ராஸ் போற சின்ன லைன் வண்டில ஏத்துவாங்க. அங்கேர்ந்து தண்டவாள அகலமே வேற, அதனால மெட்ராஸ்ல இறக்கி, டெல்லி போற பெரிய லைன் வண்டிக்கு மாத்துவாங்க.”

“வண்டிக் கதவுல லேபிள் இருக்குமில்ல?”

“இருக்கும். திருச்சி டூ மெட்ராஸ்னு.”

“மூட்டை மெட்ராஸ்ல வண்டி மாறினதும்?”

“பழைய லேபிளுக்கு அங்கேயே வேலை முடிஞ்சுது. புது வண்டில மெட்ராஸ் டூ டெல்லின்னு புது லேபிள்.”

“அப்ப டெல்லில அந்தக் கதவு லேபிளை மட்டும் பாக்கறவர், மூட்டை எங்கேர்ந்து வந்துதுன்னு சொல்வார்?”

“மெட்ராஸ்லேர்ந்துன்னு சொல்வான், முட்டாள். மூட்டை மேல திருச்சின்னு கொட்டை எழுத்துல இருக்குமே.”

“அவ்ளோதாங்க,” என்று கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து, கேபிளைச் சோதிக்க அவளே அச்சடித்துக் குப்பையில் போட்டிருந்த பிரிண்டர் தாள் ஒன்றை எடுத்தாள். வரிசை வரிசையாக நம்பர்கள். “நம்ம மாடிக் கேபிள் வேற, கீழ்க் கேபிள் வேற. நடுவுல என் மிஷின் இருக்கு. அதுதான் மெட்ராஸ். மாடிலேர்ந்து வர மூட்டையைக் கதவு லேபிளைக் கழட்டி வாங்கி, மூட்டை மேல இருக்கற அட்ரஸைப் பாத்து, புது லேபிள் ஒட்டிக் கீழ அனுப்பும். மூட்டையைப் பிரிக்காது. இதோ பாருங்க, இந்த இடம் கதவு லேபிள். இந்த இடம் மூட்டை மேல இருக்கறது.” விரலால் இரண்டு இடங்களைக் காட்டினாள். முதல் இடத்தில் ஒன்று என்று இருந்தது. அது அவள் கம்ப்யூட்டரின் நம்பர். இரண்டாவது இடத்தில் மாடி, நான்கு என்று இருந்தது.

ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பின்னாலும் அதன் நம்பரைச் சீட்டெழுதி ஒட்டியிருந்தது. கேபிள் வேலை நடந்தபோது அவள் எழுதிக் கொடுக்க, நான்தான் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி ஒட்டினேன். அதனால் நான்கு யாருடையது, ஏழு யாருடையது என்று எனக்கு மனப்பாடம். இதை எதற்கு எனக்குச் சொல்கிறாள் என்று அப்போதே ஒரு நெருடல் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் வேலையை ஒருத்தி இவ்வளவு மரியாதையாக விசாரித்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமை நெருடலை மூடிவிட்டது.

நான்கு நாள் கழித்து எங்களை மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஜி.எம்., நிபுணர், செக்ஷன் தலைவர், அவள், நான். மேசை மேல் பெட்டி பிடித்துக் கொடுத்த நம்பர்கள் அச்சடித்த தாள். பொய் ரேட் பட்டியல், ஆபீஸ் விடுகிற நேரத்தில், கீழ்த்தளத்துப் பின்வாசல் பக்கம் இருக்கிற பிரிண்டருக்குப் போயிருந்தது. அங்கே அச்சாகிற வீண் தாள்களை ஒரு பழைய பேப்பர்காரன் கட்டாக எடுத்துப் போவான். எங்கள் பைகளைச் சோதித்த வாட்ச்மேன் அந்தக் கட்டை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. ரேட்டுகள் போன வழி அதுதான்.

“அனுப்பின மிஷின் நம்பர் தெளிவா இருக்கு சார்,” என்று நிபுணர் சிவப்பு மையால் கோடு போட்ட இடத்தைக் காட்டினார். “ஒண்ணு. இந்த மேடத்தோட மிஷின்.”

ஜி.எம். குரலை உயர்த்தவில்லை. “போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா? இல்ல, நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போறீங்களா?”

“அது என் மிஷின் நம்பர்தான் சார்,” என்றாள் அவள்.

 நான் சந்தேகப்பட்டது சரியாகப் போகிறதே என்று மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

“மாடிலேர்ந்து கீழ போற எல்லாத்துலயும் அந்த இடத்துல ஒண்ணுதான் இருக்கும். நீங்க அனுப்பினாலும் ஒண்ணுதான் சார். அது மேல் கவர். என் மிஷின் போட்டது. அதுக்கு உள்ள இருக்கற கவர்லதான் அனுப்பினவங்க நம்பர் இருக்கும்.”

“அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பாக்கறீங்களா?” என்றார் செக்ஷன் தலைவர். நிபுணர் தாளைப் புரட்டினார். அவருடைய பெட்டி மேல் கவரை மட்டும் பெயர் போட்டுப் பிரித்துக் காட்டும். உள்ளே இருப்பதை வெறும் நம்பர் வரிசையாகக் கொட்டிவிடும். அவருக்கு அந்த வரிசையில் எது என்ன என்று தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் மனமில்லை.

“சரிம்மா, உள்ள யார் நம்பர் இருக்கு? நீங்களே படிங்க,” என்றார் ஜி.எம்.

“நான் படிக்க மாட்டேன் சார்.”

“ஏன்?”

“மாட்டிக்கிட்டவ சொல்ற பேரை யாரும் நம்ப மாட்டாங்க. அதோட, அது எனக்கு வந்த கவர் இல்லை.”

வேலை போகப்போகிறது, போலீஸ் வரப்போகிறது, இவள் இன்னும் கவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். தாளை இலேசாகத் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தாள் என் பக்கமாக வந்து நின்றது. எதிரில் ஒன்று எழுதிக் கிடந்தால் என் கண்ணை என்னாலேயே கட்ட முடியாது. சிவப்புக் கோட்டுக்கு அடுத்து, அவள் விரல் வைத்துக் காட்டிய அதே இடம்.

“மாடி, ஏழு,” என்றேன் நான்.

ஜி.எம். தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“ஏழு யாருது?” என்றார் ஜி.எம்.

“செக்ஷன் சார் ரூம்ல இருக்கறது சார். நான்தான் சீட்டு ஒட்டினேன்.”

அந்த அறைக்குச் சாவி செக்ஷன் தலைவரிடம் மட்டும்தான் உண்டு. ஜி.எம். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அவர் குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. நிமிர அவருக்கு வெகுநேரம் ஆனது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மைத்துனரைப் பார்க்காமல், “எல்லாரும் போகலாம்,” என்றார்.

போலீஸ் வரவில்லை. நிபுணர் அன்று சாயந்தர வண்டிக்கே மெட்ராஸ் போனார். செக்ஷன் தலைவரை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பினார்கள், சம்பள உயர்வோடு. அவள் வழக்கம்போல ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்கு வந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தான் எந்தப் பெயரையும் சொல்லவில்லையே.

எனக்குத்தான் மாற்றல் வந்தது. துறையூர் குடோன். நிர்வாக வசதிக்காக என்று எழுதியிருந்தது. ஜி.எம். வீட்டில் அந்த அம்மாள், “என் தம்பி பேரைச் சொன்னாளாமே ஒருத்தி,” என்று கேட்டதாகக் காற்றுவாக்கில் காதில் விழுந்தது. துறையூரில் கம்ப்யூட்டர் கிடையாது, மின்விசிறிகூட ஒழுங்காகக் கிடையாது. சாமான் மூட்டைகளும் நானும்தான். என் வீட்டுக்காரர், “இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்,” என்று சிரித்தார். இடுப்பொடிந்த மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுத் தினமும் போய்வர வேண்டியிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் இருந்தது. யோசிக்க யோசிக்க எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. ஸ்டோர் ரூமில் பெட்டி மாட்டியது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அது என்ன காட்டும், யார் மேல் பழி விழும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் வேலையைப் பற்றி விசாரித்தாள். ஆபீசில் இத்தனை பேர் இருக்க, வாயை மூடி வைத்திருக்க முடியாத ஒருத்திக்கு மட்டும் இரண்டே இரண்டு இடங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். அன்று தாளை என் பக்கம் தள்ளினாள். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஒரு பெயரை எனக்குள் வைத்து, என்னைத் தைத்து, மேலே என் நம்பரை ஒட்டி அனுப்பிவிட்டாள். இல்லை, ஏதோ மதியச் சாப்பாட்டில் பேச்சு வாக்கில் சொன்னது, நானாக இப்படிக் கோத்துப் பார்க்கிறேனா? என் வியாதி எனக்குத் தெரியும். அதனால் எனக்கு என்மேலும் நம்பிக்கை இல்லை.

ஒருநாள் காலை பஸ் காவேரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலையில் நின்றபோது அவள் ஏறினாள். தோளில் அதே துணிப்பை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆபீசுக்கு இது எதிர்த் திசை.

“துறையூர்ல சாப்பாடு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்,” என்று பையை என் மடியில் வைத்தாள்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள். வேறு ஒன்றைக் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

“தெரிஞ்சுதானே மேடம் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? நான் வாயைத் திறப்பேன்னு தெரிஞ்சுதானே?”

திருவானைக்காவல் தாண்டிக் கொள்ளிடம் பாலம் வந்தது. வெளியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

“நான் சொல்லியிருந்தா யாருங்க நம்பியிருப்பாங்க?” என்றாள்.

இது பதிலா? நான் கேட்டதற்கு ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது. டோல்கேட்டில் பஸ் நின்றதும் எழுந்தாள். என் தோளில் கையை வைத்து, “கோச்சுக்காதேங்கோ,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்குப் பூக்காரியிடம் பேசினாளே, அந்தப் பேச்சில். எனக்கு அவள் அதைத் தந்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கே போனாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அன்று மதியம் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பையைப் பிரித்தேன். பிளாஸ்டிக் கவர். நூல் கட்டிய செய்தித்தாள். வாழையிலை. இலையைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது. சின்ன வெங்காயம் முழுசு முழுசாகப் போட்ட சாம்பார் சாதம்.

வெங்காயம் இல்லாததெல்லாம் ஒரு சாப்பாடா மேடம் என்று நான் அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. வெங்காயம் வாசலைத் தாண்டாத வீட்டில், யார் கண்ணுக்கும் படாமல், எனக்காக உரித்து வேகவைத்தாளா? அப்படியானால் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். இல்லை, கேன்டீன்காரரிடம் சொன்ன அந்த வெங்காயக் கதையே அவருக்கென்று போட்ட ஒரு மேல் கவரா? அப்படியானால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவுமே உண்மை இல்லை.

இலையை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் இதையே யோசித்தேன். பிறகு பசித்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நூலைச் சுருட்டி, தாளை மடித்து, கவருக்குள் போட்டு, பைக்குள் வைத்தேன். அந்தப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க அட்ரஸ் தெரியாது.